பிள்ளையார் மேல் படிந்த வெள்ளை

இதை எழுத நினைத்து ஆறு வருஷமாகிறது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் தாள் எடுப்பேன், சாமி மாடத்து முருகனைப் பார்ப்பேன், மடித்து வைத்துவிடுவேன். எட்டாவது படித்தவளுக்கு என்ன எழுத வரும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வேன். காரணம் அதுவல்ல. மலைமேல் சித்திரபுரத்திலும் வண்டன்மேட்டிலும் இருக்கும் என் சனங்களுக்கும், எங்களைப்போல மலையிறங்கிப் பாலக்காட்டுக்குக் கிழக்கே குடிவந்தவர்களுக்கும் இதைச் சொல்லாமல் என்னால் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியவில்லை.

இங்கே வந்த முதல் வாரம் துவரம்பருப்பு வேகவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தும் பல்லில் கடிபட்டது. சித்திரபுரத்து ஊற்றுத் தண்ணீரில் நான் காய் நறுக்கி முடிப்பதற்குள் பருப்பு குழைந்துவிடும். பருப்புதான் பழசு என்று முக்குக்கடை ராவுத்தரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் மாற்றிக் கொடுத்ததும் வேகவில்லை. அதையும் கொண்டுபோனேன். "ஏனுங்கம்மா, பருப்பு நல்ல பருப்புத்தானுங்க. அடுத்த வாட்டி உங்க ஊட்டுப் பைப்பக் கழட்டிக் கொண்டாங்க, அத வேணா மாத்தித் தர்றேன்" என்றார். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். தண்ணீரில் நல்லது கெட்டது உண்டென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மலையில் இருந்தவரை நாங்கள் தண்ணீரை நினைத்ததே இல்லை.

இந்தப் பைப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாய்த் திரியும். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை படியும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் நான் அபிஷேகம் செய்கிற சின்ன வெண்கல முருகன் முகத்திலும் அந்த வெள்ளை ஏறியது. கண்ணும் மூக்கும் மறைந்துபோயின. புளி போட்டுத் தேய்ப்பேன்; நாலு நாளில் மறுபடி ஏறிவிடும்.

பக்கத்து வீட்டு ருக்மணியக்காவின் கிணற்றில் மட்டும் இனிப்புத் தண்ணீர். அவர் வீட்டு வேட்டி சேலையெல்லாம் கொக்காய்க் கொடியில் ஆடும். "அந்த வீட்டுச் சாம்பார் வாசம் நம்ம சித்திரபுரத்து வாசம்லா?" என்று என் வீட்டுக்காரர் என் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலே, விடிந்ததும் அந்தக் கிணற்றின் முதல் குடம் தெருமுனைப் பிள்ளையாருக்குப் போகும். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். சாமிக்குக்கூட அவர் தண்ணீர்தானா என்று வயிறு எரியும்.

அவர் தர மறுத்தவரா என்றால் அதுவும் இல்லை. "கெணறு சாமி குடுத்ததுங்க கண்ணு. வந்து எறச்சுட்டுப் போங்க" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டி எத்தனையோ தடவை கூப்பிட்டார். நான் போகவில்லை. ஊற்றிலே பிறந்தவள் இன்னொருத்தி கிணற்றடியில் போய் நிற்பதா என்ற வீம்பு.

ஒருநாள் ராவுத்தர், "அக்கா கெணத்துல ரெண்டு கொடம் எடுத்துப் பாருங்களேன், பருப்பு பூவா வேகும்" என்றார். "அந்தத் தண்ணியில என்னமோ வாடை அடிக்கி பாய்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தண்ணீரை அதுவரை நான் மோந்தும் பார்த்ததில்லை. மாலைக்குள் தெருப்பேச்சில் கிணற்றில் எலி விழுந்துவிட்டது. மறுநாள் அது கோழியாகி, செத்து ஊறியும் போனது. வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி குடத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அக்கா நிறைகுடத்தோடு திரும்பி வந்து அதைத் தென்னைக்கு ஊற்றினார். அதையும் ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன்.

அக்கா ஆள் வைத்துக் கிணற்றை அடிவரைக்கும் இறைத்தார். சேறும் பழைய கயிறும்தான் வந்தன. ஊறிவந்த புதுத் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "நீங்க மலைத்தண்ணி குடிச்ச நாக்கு. நீங்க குடிச்சுப் பாத்துச் சொன்னா நான் நம்புவனுங்க. வாடை இருக்குதுங்களா?"

குடித்தேன். என் ஊரே தொண்டைக்குள் இறங்கினாற்போல் இருந்தது. "நல்லாருக்குக்கா" என்றேன். செம்பைத் துலக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குள் கோயிலுக்குப் பைப்பு இழுத்துவிட்டார்கள். "இனி எதுக்கும்மா உங்களுக்குச் செரமம்?" என்று பூசாரி மரியாதையாகவே சொல்லிவிட்டார். முதல் குடம் நின்றுபோனது. இப்போது அந்தக் குடம் என் வீட்டுக்கு வருகிறது. பருப்பு வேகிறது. என் முருகனுக்கு முகம் திரும்பிவிட்டது. தெருமுனைப் பிள்ளையாரின் கறுத்த தொந்தியில்தான் வெள்ளை வரிவரியாய் இறங்கியிருக்கிறது. திருநீறு என்று நினைத்து அதைத் தொட்டு நெற்றியில் வைக்கிறார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவதோடு சரி. போன கோடையில் சித்திரபுரம் போயிருந்தேன். ஊற்றில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். சப்பென்று இருந்தது. ருக்மணியக்கா கிணற்றைத்தான் என் நாக்கு தேடியது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நானே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் நிறைத்துக் கொடுத்த குடத்தோடு திரும்பினேன். அதனால் இதைப் படிக்கிற யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எனக்காக இரங்கி ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். என் மேல் கோபப்பட்டு ஒரு எலியையும் சேர்க்காதீர்கள். வாடை என்று நான் சொன்னேன். வாடை இல்லை. இதை இப்படியே சொல்லுங்கள்.