கேட்காமல் செய்த வேலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வால்வு சோதிக்கும் வேலை எங்களுக்கு. கூட வேலை செய்த சுமதி விபத்தில் இறந்தபின், அவள் தோழி மல்லிகாவுக்கு எதுவுமே ஓடவில்லை. பாவமாக இருந்தது. தினமும் முதல் ரயிலில் வந்து, மல்லிகா மிச்சம் வைத்த வேலையை யாருக்கும் தெரியாமல் முடித்து வைத்தேன்.

நான்காம் நாள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அக்கா, சுமதி வந்துகினு கீறா. என் வேலைய அவதான் முடிக்கிறா."

முகத்தில் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில், விளக்குப் போடாமல், மல்லிகாவின் மிச்ச வேலையை எடுத்துக்கொண்டு சுமதியின் இடத்தில் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் கேட்டது.

"சுமதி..."

திரும்பினேன்.

"நீங்களாக்கா?"

அந்த வாரமே அவள் வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். செய்வதற்கு முன் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுமதியை அவள் இரண்டாவது முறை இழந்தது என்னால்தான்.