வரிக்காக எனக்கு எழுதிய வீடு

வருமான வரி இலங்கைக்குப் புதிதாக வந்த காலத்தில் ஐயாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரம் செய்தார் என் தகப்பனார். வெள்ளவத்தையில் கடலை ஒட்டிய ஒழுங்கையில் வாடகைக்கு விட்ட வீடொன்றும் இருந்தது. அந்த வாடகையும் சேர்ந்தால் வரி ஏறும். வீடு காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒரு வழி சொன்னார். வீட்டை மனைவி பேருக்கு மாற்றி எழுதிப் பிரயோசனமில்லை, அவள் வருமானத்தையும் புருஷன் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வயது வந்த, கல்யாணமாகாத மகள் என்றால் தனிக் கணக்கு.

அந்த மகள் நான்தான். நன்கொடை உறுதியில் ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்து வைத்த நாளிலிருந்து எனக்கு ஒரே விடுப்பு, எல்லாவற்றையும் அறிந்துவிடும் ஆவல். சொந்தக்காரி என்றால் என்ன செய்ய வேண்டும்? என் வீட்டை நான் கண்டதே இல்லையே! அம்மாவை இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். அங்கே குடியிருந்த பறங்கி அம்மாள் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து காட்டினார். உப்புக் காற்றில் பிணைச்சல்கள் துருப்பிடித்துக் கழன்று கிடந்தன. மாற்றித் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "அது வரிக்கு எழுதினது, பிள்ளை. நீ ஏன் மண்டையை உடைக்கிறாய்?" ஆனாலும் பிணைச்சலுக்குக் காசு தந்தார். அதன்பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி அந்த வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். வெள்ளவத்தை வீடுதான் சீதனம் என்றார் ஐயா. மாப்பிள்ளையின் தாய் விடுவாவா?

"அது பிள்ளையின்ர வீடெல்லோ? அவவின்ரயை அவவுக்கே குடுக்கிறதோ? நீங்கள் என்ன தாறியள்?" என்றா. அதோடு நிற்கவில்லை. "கட்டினாப் பிறகு அந்த வாடகை என்ர மகன்ர கணக்கிலயெல்லோ ஏறும்? வரியை அவன் கட்டவோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப் போனது. அவருக்கு இந்த மாப்பிள்ளையை விட மனமில்லை. வீட்டை நான் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் அதை விற்று மாப்பிள்ளையிடம் காசாகக் கொடுப்பார் என்று முடிவாயிற்று. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் நொத்தாரிசு மட்டும், அதுவும் ஐயா பக்கத்தில் நிற்க என் கையில் பேனாவைக் கொடுத்தபோது, வழக்கத்துக்காக. "சம்மதந்தானே, பிள்ளை?"

"இல்லையெண்டால் என்ன நடக்கும்?" அறியும் ஆவலில்தான் கேட்டேன், சத்தியமாக.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உம்மட கையெழுத்து இல்லாமல் ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

அட, அப்படியா! பேனாவை மேசையில் வைத்துவிட்டேன்.

"வரிக்குத்தானே எழுதினனான், பிள்ளை," என்று ஐயா கெஞ்சினார்.

"நீங்கள் வரிக்கு எழுதினியள், ஐயா. நான் வீடெண்டுதான் வாங்கினனான்."

சம்பந்தம் முறிந்தது. ஐயா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு மிகவும் வலித்தது. மாத முடிவில் நானே வெள்ளவத்தைக்குப் போய் வாடகையை வாங்கி வந்து, வழக்கம்போல் அவருக்கென்று மேசையில் வைத்தேன்.

ஐயா அதைத் தொடவில்லை. என் பக்கம் தள்ளிவிட்டார்.

"உன்ர காசு," என்றார்.