உயிரோடு இருக்கிறாரா?

தொண்ணூறுகளின் கடைசியில் தில்லியில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். முதல் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து வேறொருவர் விற்றார். "எழுதிக்கொடுத்தவர் இறந்துபோயிருந்தால் அந்தப் பவர் செல்லாது. அவர் இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்" என்றார் வக்கீல்.

அந்தப் பெரியவர் மோதி பாக்கில், மகனுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போது அடிக்கடி காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம ஊர்க்காரர்னு கேள்விப்பட்டேன். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தேன்.

"அச்சா!" என்று சிரித்தார். "வக்கீல் அனுப்பினாரா? இப்படித்தான் பலபேர் சும்மா வந்தாங்க. ஆள் வர்றாங்கன்னா நல்ல சட்டையா மாத்திக்குவேன். இருமல் வந்தாக்கூட அடக்கிக்குவேன். வீடு வாங்க வர்றவங்க பயந்துடக் கூடாதில்ல?"

மருமகள் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டேன்.

"நல்ல காத்து வர்ற வீடு தம்பி. வாங்குங்க. ஆனா ஜல்தி வாங்கிடுங்க."

அந்த மாதமே வாங்கிவிட்டோம். இன்றும் மனம் கூசுவது அன்று விடைபெற்ற நிமிஷத்தை நினைத்துத்தான். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, இந்தப் பிடி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நான் எடைபோட்டேன். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.