வாசல் குழாயில் குளித்த மாமனார்

எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் கழுவிய எதுவும் கழுவியதாகத் தெரியாது. டம்ளர்கள் வெள்ளை பூத்திருக்கும். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துப்போய், மீதித் துளைகள் சுவரைக் குளிப்பாட்டும். என் தலைமுடி சீப்போடு போய்க்கொண்டிருந்தது. ஜூஜுவாடிப் பக்கம் வீடு வாங்கிய எல்லோருக்கும் இதே கதைதான் என்பதால் யாரும் யாரிடமும் அனுதாபம் எதிர்பார்ப்பதில்லை. கடைசியில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ஒன்று வாங்குவதென்று நானும் கணவரும் முடிவு செய்தோம்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமனார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு சாமல்பட்டியிலிருந்து எங்களிடம் வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது ஏதாவது ஓர் ஆட்சேபணையாக இருக்கும். மெஷினோடு உப்பு மூட்டையும் வந்து இறங்கியதைப் பார்த்து அவர் கேட்டார்.

"இது என்னாத்துக்கும்மா?"

"மெஷினுக்குள்ள போடணும் மாமா. இருக்கிறது உப்புத் தண்ணி இல்லீங்களா, அதைச் சரி பண்ண."

"உப்புத் தண்ணியைச் சரி பண்ண உப்பு போடறீங்க."

"ஆமாங்க மாமா."

அவர் செய்தித்தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

மெஷின் கம்பெனிக்காரர் போனில் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். டேங்கிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பைப்பை வெட்டி, நடுவில் மெஷினை வைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போக ஒரு பைப், வெளியே வர ஒரு பைப், மெஷின் தன்னைத் தானே அலசிக்கொள்ளும் உப்புநீர் சாக்கடைக்குப் போக ஒரு பைப். மெஷின் ரிப்பேரானால் தண்ணீரைத் திருப்பிவிட வால்வுகள். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். வாசலில் செடிக்கு ஊற்றும் குழாயை மட்டும் இதில் சேர்க்காமல் பழைய தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் முடித்து வைத்தால் அவர் வந்து மாட்டிவிட்டுப் போவார்.

எங்கள் தெருவுக்கே பிளம்பர் கிருஷ்ணகிரிக்காரரான பாய்தான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள போறதுக்கு ஒண்ணு, வெளிய வர்றதுக்கு ஒண்ணு. சரிங்கக்கா. மூணாவது பைப்பு எதுக்கு?"

"அழுக்குத் தண்ணி போறதுக்கு பாய்."

"நல்ல தண்ணி மெஷின்ல அழுக்கு ஏதுக்கா? அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பாத்துக்கிறேன்."

கம்பெனிக்காரர் வந்தார். மொட்டை மாடியில் இரண்டு பைப்புகளைப் பார்த்தார். மூன்றாவதைத் தேடினார். நான் கொடுத்த மோரைக் குடித்தார். கிளம்பிப் போய்விட்டார்.

பாய் மூன்றாவது பைப்பைப் போட்டார். கம்பெனிக்காரர் திரும்ப வந்தபோது வேறொன்றைக் கண்டுபிடித்தார். டேங்கும் மெஷினும் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீருக்கு வேகம் வராது. டேங்கை உயர்த்துங்கள், இல்லையென்றால் பிரஷர் பம்ப் வையுங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "டேங்க் இவ்வளவு குள்ளமா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றார். அன்றும் மோர் குடித்தார். பம்ப் வைத்தோம்.

அதற்கடுத்த முறை மெஷின் ஓடியது. சோப்பு கையில் பொங்கியது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நிறைய நேரம் நின்றேன்.

மறுநாள் காலை பாத்ரூமுக்குள்ளிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"ம்மா! சோப்பு போவ மாட்டேங்குது!"

"போயிருச்சு மாமா. இந்தத் தண்ணியில அப்படித்தான் வழவழன்னு இருக்கும்."

"போவலைங்கிறேன்!"

டேங்க் காலியாகும் வரை ஊற்றினார். துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, சோப்பு போகாத முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்கு மறுநாள் அவர் பாத்ரூம் பக்கம் போகவில்லை. பக்கெட்டையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். செடிக் குழாயைத் திறந்தார். இடுப்பில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி நிதானமாகக் குளித்தார்.

நான் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும். அன்று அது வந்து நின்றபோது மாமனார் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஓட்டுநர் மட்டும் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார். மாமனாரும் சோப்புக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். நான் குனிந்த தலையோடு ஏறி ஜன்னலோரம் இல்லாத சீட்டில் உட்கார்ந்தேன்.

தினமும் இப்படியே நடந்தது. கணவர் சொல்லிப் பார்த்தார். "எனக்கு இந்தத் தண்ணிதான் ஒத்துக்குது" என்றதோடு பேச்சு முடிந்தது. எதிர் வீட்டு அக்கா, தன் வீட்டில் தெலுங்கு பேசுபவர். என்னிடம் ரொம்ப மரியாதையான தமிழில் விசாரித்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. பெரியவர பாத்தா பாவமா இருக்குது. உள்ள பாத்ரூம்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"இல்லைங்கக்கா. அவருக்கு வெளிய குளிக்கப் பிடிச்சிருக்கு."

"ஆங், சரிம்மா" என்றார். அவர் நம்பவில்லை என்பது எனக்கும் தெரிந்தது, நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. தெருவைப் பொறுத்தவரை நான் மாமனாரை வீட்டுக்குள் குளிக்கவிடாத மருமகள். அன்று ராத்திரி சமைக்கும்போது அழுகை வந்தது. வெங்காயம் நறுக்காத நாள் என்பதால் காரணம் சொல்லவும் வழியில்லை.

பாயைக் கூப்பிட்டேன். டேங்கிலிருந்து பழைய தண்ணீரையே தனியாக ஒரு பைப்பில் இறக்கி, பாத்ரூமில் இன்னொரு குழாய் வைக்கச் சொன்னேன். சுவரை உடைத்தார். வேலை பாதியில் இருக்கும்போது அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஐயா ஒண்ணு கேட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

"என்ன பாய்?"

"சுவத்துல ஒரு கம்பி அடிச்சுத் தர முடியுமான்னு. புடிச்சுக்கிறதுக்கு. அன்னிக்கி உள்ள குளிக்கும்போது கால் வழுக்கிருச்சாம். விழலை. ஆனா பயந்துட்டாரு போல."

நான் கரண்டியோடு நின்றேன். சோப்பு போகவில்லை என்று அவர் கத்தியது நினைவுக்கு வந்தது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர். ஈரத் தரையில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று மருமகளிடம் சொல்வதைவிட, ஊரே பார்க்க வாசலில் குளிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, வந்த கோபம் நிலைக்கவும் இல்லை.

"ரெண்டு கம்பி போடுங்க பாய். குழாய்கிட்ட ஒண்ணு, கதவுகிட்ட ஒண்ணு. வழுக்காத டைல்ஸும் போட்டிருங்க."

"ஐயா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

சாயங்காலம் மாமனார் பாத்ரூம் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கம்பி எதுக்கும்மா?"

"கம்பெனிக்காரர் போடச் சொல்லிட்டாருங்க மாமா. சாஃப்ட் தண்ணி இருக்கிற வீட்டுல கட்டாயம் இருக்கணுமாம். இல்லைன்னா மெஷினுக்கு வாரண்டி கிடையாதாம்."

அவர் என்னைப் பார்த்தார். பேருந்தில் பாதி டிக்கெட்டுக்குப் பிள்ளையின் வயதைக் கண்டக்டரிடம் குறைத்துச் சொல்பவர்களை எத்தனையோ ஆண்டுகள் பார்த்தவர்.

"அப்படியா" என்றார். ஒரு கம்பியைப் பிடித்து, ஆடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை.

மறுநாள் உள்ளேயே குளித்தார். கதவுக்கு வெளியே, வேறு வேலை இருப்பது போல நான் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் சீராகக் கேட்டது. வெளியே வந்தவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"ஷேவிங்குக்கு அந்த மெஷின் தண்ணி பரவாயில்லை."

அவரிடமிருந்து வந்த முதல் பாராட்டு அது. மெஷினுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. தோசை ஊற்றப் போனேன்.