மூன்றாவது பாட்டில் திரும்பிய சுகன்யா

பல்கலைக்கழக நாடகத் துறையில் மேடை நிர்வாகியாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். யார் எங்கே நிற்க வேண்டும், எந்த வரியில் விளக்கு மாற வேண்டும் என்று பிராம்ப்ட் புக்கில் எழுதி வைப்பது என் பொறுப்பு. ஒத்திகை முடிந்ததும் யார் எங்கே தவறினார்கள் என்று இயக்குநருக்கு ரிப்போர்ட் கொடுப்பதும் நான்தான். இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

1. பட்டியல் ஒட்டிய நாள்

வரும் சீசனுக்கு நான்கு தயாரிப்புகள். இரண்டு நாடகம், ஒரு சிறுவர் நாடகம், ஒரு மியூசிக்கல். மியூசிக்கல்தான் முதலில். மரக்காணத்து உப்பளப் பெண்களைப் பற்றிய கதை. நோட்டீஸ் போர்டில் பட்டியலை ஒட்டிய அன்றே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. முதல் நாடகம் கவிழ்ந்தால் மற்ற மூன்றுக்கும் கூட்டம் வராது. இயக்குநர் தயாளன் சார் அதை வெளிப்படையாகவே சொன்னார். "இது சொதப்புச்சுன்னா இனிமே மியூசிக்கல்னு வாயத் திறக்க முடியாதும்மா."

முக்கிய வேஷம் சுகன்யாவுக்கு. இரண்டாம் ஆண்டு மாணவி, மரக்காணத்துப் பெண். அவள் அம்மா அஞ்சலை உப்பளத்தில்தான் கூலி வேலை செய்கிறார். நாடகம் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னபோது ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர், முக்கிய வேஷம் கிடைத்ததும் தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். அதை சுகன்யாவே வெட்கத்தோடு சொன்னாள்.

2. ஆறு ரிப்போர்ட்

மூன்றாவது பாட்டில் எட்டுப் பெண்கள் பலகையால் உப்பு வாருகிற நடனம். நீளக் கம்பின் நுனியில் பலகை மாட்டியிருக்கும். எட்டுப் பேரும் சபையைப் பார்த்தபடி, பலகையை முன்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். சபைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது எங்கள் துறையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

சுகன்யா முதல் சரணம் வரை ஒழுங்காகத் தள்ளுவாள். குரல் உச்சத்துக்குப் போகும்போது அவளை அறியாமல் திரும்பிவிடுவாள். சபைக்கு முதுகைக் காட்டி, பலகையை இழுத்துக்கொண்டு பின்னால் நடப்பாள். மற்ற ஏழு பேர் முகம் ஒரு பக்கம், இவள் முகம் ஒரு பக்கம். "சுகன்யா, பாட்டு மூன்று, திசை தவறு" என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். ஆறு நாள் எழுதினேன். ஒவ்வொரு நாளும் திட்டவும் செய்தேன். அவள் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

ஆறாவது ரிப்போர்ட்டைப் படித்த சார், முதல் காட்சிக்கு முன் மரக்காணத்து உப்பளப் பெண்களுக்கு நடித்துக்காட்டும் முன்னோட்டத்திலும் இதே தவறு வந்தால் மாற்று நடிகையைப் போட்டுவிடலாம் என்றார். அதை அவளிடம் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். "சரிங்க்கா" என்றாள். அப்போதும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

3. உப்பளத்தில் முன்னோட்டம்

பெண்கள் விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள் என்பதால் காலை பத்து மணிக்கு வைத்தோம். பாத்திகளை ஒட்டிய மேட்டில்தான் நடிப்பு. வேலை முடித்த பெண்கள், சேலைக்கு மேல் போட்ட ஆண்பிள்ளைச் சட்டையோடு தரையில் வந்து உட்கார்ந்தார்கள். அஞ்சலை முன்வரிசையில்.

மூன்றாவது பாட்டு வந்தது. சுகன்யா திரும்பவில்லை. கை விறைக்க மற்றவர்களோடு சேர்ந்து தள்ளினாள். குரல் எழும்பவே இல்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. சுகன்யா பாட்டை நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

அஞ்சலை எழுந்து வந்தார். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பலகையை வாங்கி, பின்னால் நடந்தபடி தன்னை நோக்கி இழுத்துக் காட்டினார்.

"இப்டித்தான் சார் வாருவோம். தள்ளுனா பலகை மண்ணுல குத்திக்கும், உப்பு சேறாயிடும்." பிறகு மகளைப் பார்த்தார். "ஏண்டி, உனக்குத் தெரியும்ல? சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ரோல் போயிடும்னு பயந்துட்டேம்மா."

சார் என் பக்கம் திரும்பினார். இழுத்துத்தான் வார வேண்டும் என்று ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நழுவியிருக்கலாம். அந்த நினைப்பு வராமலும் இல்லை.

"இருக்குது சார். அவ திரும்பி இழுத்தது ஆறு நாளும் இருக்குது. அந்தப் பொண்ணு சரியாத்தான் செஞ்சிருக்கு. நான்தான் தப்புன்னு எழுதிட்டேன்."

சார் அஞ்சலையிடம், மற்ற ஏழு பேருக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். சிரித்த பெண்களெல்லாம் எழுந்து வந்து ஆளுக்கொரு நடிகையைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு முதுகுகள் எங்களை நோக்கிப் பின்னால் நகர்ந்து வர, சுகன்யா பாடினாள். அவள் திரும்பும்போதெல்லாம் எழும்பிய அந்தக் குரலை ஆறு நாளும் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

முதல் காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பாட்டு முழுக்க முதுகையே பார்க்க வேண்டிவந்தால் சபை என்ன சொல்லுமோ தெரியாது. வேஷம் சுகன்யாவிடமே இருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். வேன் கழுவெளி ஏரியைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் திரும்புறேன்னு நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க்கா."

ஒரே தவறை ஒருவர் ஆறு நாள் செய்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள். இருபது வருஷ அனுபவத்தில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.