ஜோடி

வேனில் ஏறியவர்களை என் மகன் எண்ணினான். "சரியா இருக்கு, கெளம்பலாம்."

எனக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டையின் சுடுபாறை நினைவுக்கு வந்தது.

அறுபதுகளில் அம்மா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒரே வரிசையை மூன்று முறை எண்ணினால் அவளுக்கு மூன்று விடை வரும். இன்று அதை டிஸ்கால்குலியா என்கிறார்கள். அன்று, "டீச்சருக்கே கணக்கு வராதாம்" என்று சிரித்தார்கள்.

எங்கள் வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிப்போன அன்று, எண்ண முடியாத அம்மா எங்களை இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்தாள். இறங்கும்போது கணக்கு டீச்சர் வரிசையை எண்ணினார். "நாப்பது. சரியா இருக்கு."

அம்மா எண்ணவில்லை. "அவவ ஜோடி இருக்காளான்னு பாருங்க புள்ளைகளா."

"என் ஜோடி ரோசியைக் காணோம் டீச்சர்" என்றேன். பள்ளிக்கூடத்தில் அம்மா எனக்கும் டீச்சர்தான்.

வேடிக்கை பார்க்க வந்த அடிவாரத்துச் சிறுமி ஒருத்தி வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் நாற்பது. ரோசியோ மேலே பீரங்கியருகே வழி தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மாதான் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள்.

பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்து, "ஒனக்கு ஜோடி இல்லையேத்தா" என்று தன் கையைக் கொடுத்தாள். அடிவாரம்வரை விடவில்லை.

வேன் உறுமியது.

"இருப்பா. பக்கத்துல ஒக்காந்திருந்த ஆளு வந்தாச்சான்னு ஒவ்வொருத்தரையும் கேளு."

"அதான் எண்ணிட்டேனேம்மா."

"எண்ணினது சரிதான். கேளு."