பதம் தப்பிய பாகு

முந்தாநாள் மாதேவன் வந்திருந்தான். என் அக்காள் மகன். பென்ஷன் வாங்கத் தொடங்கி ஏழெட்டு வருஷம் ஆனாலும் எனக்கு அவன் இன்னும் சின்னப் பயல்தான். நாகர்கோவில் கடையில் வாங்கிய ஒரு பாலிதீன் பொட்டலத்தை என் மடியில் வைத்தான்.

"முந்திரிக்கொத்து, சித்தி. ஒங்களுக்குப் பிடிக்கும்லா?"

பிடிக்குமாவாம்! சர்க்கரை வியாதி வந்தும் விட முடியாத சனியன் அது. முந்திரிப்பருப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. வறுத்துப் பொடித்த சிறுபயறைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டி எண்ணெயில் பொரிப்பது. பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த வாசனை வந்ததும் வாய் ஊறியது, கூடவே அக்காள் ஞாபகமும் வந்தது. அறுபத்தைந்து வருஷமாக இப்படித்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. மகாராஜா காலம். எங்கள் வீடு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். தாணம்மை அக்காளை ஆரல்வாய்மொழியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவாய்க் காற்று வருஷத்தில் பாதி நாள் கூரையைப் பிய்க்கும் ஊர். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஏழு மாதக் கைக்குழந்தையான இந்த மாதேவனைத் தூக்கிக்கொண்டு, பேறுகாலம் முடிந்து போன பிறகு முதல் தடவையாக ஒரு வாரம் தங்க வந்தாள். அவளுக்கு வயது பத்தொன்பது. ஒரு வாரம் என்பது அவள் மாமியார் சொல்லி அனுப்பிய கணக்கு. எட்டாம் நாள் காலையில் அப்பா வண்டி கட்டிக் கொண்டுவிட வேண்டும்.

வந்த மறுநாள் வாய்க்காலில் குளிக்கும்போது அக்காளின் முதுகைப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்புவரை கருஞ்சிவப்பாகத் தடித்த வரிகள்.

"என்னக்கா இது?"

"மாடு முட்டிச்சுட்டீ."

மாடு முட்டினால் வரிவரியாகவா தடிக்கும் என்று கேட்கத் தெரியவில்லை. நான் கொஞ்சம் மந்தம்தான், தின்பண்டம் சம்பந்தப்படாத விஷயங்களில். ஆனால் அம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கே தேங்காயெண்ணெயைச் சூடாக்கி மஞ்சள் குழைத்து அவள் முதுகில் தேய்த்துவிட்டாள். எண்ணெய் எரிந்திருக்க வேண்டும், அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இலை உருவிய புளிய விளாறால் அடித்த அடி என்பது எண்ணெய் தேய்த்த கைக்குத் தெரியாதா? ஆனால் யார் அடித்தது, ஏன் அடித்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நான் இங்கயே நிக்கட்டா?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பயறு வறுக்கணும் மக்கா. இப்பமே தொடங்குனாத்தான் கடவம் நெறையும்."

கடவம் என்றால் பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. தங்க வந்த பெண் திரும்பும்போது அது நிறையப் பலகாரம் போக வேண்டும். மாமியார் அதைத் தெருவெல்லாம் பங்கு வைப்பாள். குறைந்தால் அந்தத் தெரு முழுக்க நம்மைப் பேசும். ஆகவே கடவம் நிறையாமல் பெண்ணை வண்டி ஏற்ற மாட்டார்கள். இந்தச் சட்டம் எனக்குத் தெரிந்ததுபோல அக்காளுக்கும் தெரியும்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வறுத்தாள், தொட்டிலில் போட்டுவிட்டு இடித்தாள். பிறந்த வீட்டுச் சுகம் என்று எழுதுகிறார்களே, அதை நான் கண்ணால் கண்டதில்லை. ஐந்தாம் நாள் உருளியில், அந்த அகன்ற வெண்கலப் பாத்திரத்தில், பாகு காய்ச்சினார்கள். அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "பதம் வந்தாச்சு, எறக்கு" என்று சொல்லிவிட்டு அழுத குழந்தையை எடுக்கப் போனாள். அந்த நேரத்தில் அக்காள் ஒரு செம்புத் தண்ணீரை உருளியில் ஊற்றினாள். அடுப்படி வாசலில் நான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

அன்றைக்கு உருண்டை ஒன்றுகூட நிற்கவில்லை. எண்ணெயில் போட்டதும் கரைந்து கசடாகிப் போனது. "சவம், பதம் தப்பிப் போச்சே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கசடையெல்லாம் வழித்து எனக்குத்தான் கொடுத்தார்கள். இனிப்பும் மொறுமொறுப்புமாக ஒரு சட்டி நிறைய! ஆறாம் நாளும் அதே கதை. அக்காள் தண்ணீர் ஊற்றினாள், உதட்டில் விரல் வைத்தாள், நான் ஒரு சட்டி தின்றேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு சந்தோஷமான இரண்டு நாட்கள் கிடையாது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏழாம் நாள் தானியக் குலுக்கையில் மிச்சம் கிடந்தது ஒரு ஈடு பயறுதான். அதுவும் கெட்டால் வயலில் புதுப் பயறு விளைந்து காய்கிறவரை வண்டி கிளம்பாது. அக்காள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. பாகு கொதித்தது. அம்மா பதம் பார்த்தாள். ஆனால் குழந்தை அன்றைக்கு அழவில்லை, அம்மா நகரவும் இல்லை. நான் சட்டியோடு காத்திருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏக்கா, இன்னைக்குத் தண்ணி ஊத்தலியா?"

அம்மா திரும்பி அக்காளைப் பார்த்தாள். ஏசவில்லை. அக்காள் கையிலிருந்த, பாகு கிண்டும் சட்டுவத்தை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் போகல்ல. அவரு என்னைக் கொன்னு போட்டிருவாரு."

"போகாம?" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டுவத்தை என் பக்கம் நீட்டினாள். அதன் நுனியிலிருந்து பாகு சொட்டியது. "இன்னா, இவ ஒருத்தி நிக்கியாளே. அக்கா வாழாம வந்து கெடக்கான்னா இவள ஆருட்டீ வந்து கேப்பா?"

அக்காள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. கோபப்பட்டிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். பிறகு உட்கார்ந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். அம்மா வைத்த பதம் என்றைக்கும் தப்பாது. ஒன்றுகூட உடையவில்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டி கிளம்பியது. குழந்தை மடியில், கடவம் காலடியில். எல்லோரும் அக்காளைப் பார்த்து அழுதார்கள். நான் கடவத்தைப் பார்த்து அழுதேன்.

அவள் சாகவில்லை. கணவன் போகும்வரை அடி வாங்கினாள், அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் மறுபடி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அம்மாவின் பதினாறாம் நாள் சடங்குக்குக் காலையில் வந்து சாயந்திரம் போய்விட்டாள். எனக்கு நல்ல இடம் அமைந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை. ஊரில் எல்லோரும் என் அதிர்ஷ்டம் என்றார்கள். அது யாருடைய முதுகில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் கடவம் முடைய ஆளில்லை. குலுக்கை இல்லை, உருளியைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாயிற்று. போனதெல்லாம் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. அம்மா போனாள், நாலு வருஷம் முன்னால் அக்காளும் போனாள்.

"எங்க அம்மை மட்டும் இதைத் தொடவே மாட்டா. ஏன் சித்தி?" என்று மாதேவன் கேட்டான்.

"கருப்பட்டி அவளுக்குச் சேராது மக்கா" என்றேன். மாடு முட்டியது என்று அக்காள் சொன்னதுபோல.

அவன் போன பிறகு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். நல்ல பதம். நாலு தின்றேன்.